விடுதித்திணை: போத்கயாவில் அறை எடுத்தலின் இலக்கணம்

போதி மரத்தடியில் கிடைத்த ஞானத்தைப் பற்றி உலகத்து மொழிகளிலெல்லாம் நூல்கள் உண்டு. அந்த மரத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஜனவரி மாதத்தில், வெந்நீர் வருகிற அறை ஒன்றை, அதுவும் முட்டிவலிக்காரர் ஒருவர் கூட வருவதால் தரைத்தளத்தில், பிடிப்பது எப்படி என்பதில் மட்டும் அறிஞர்கள் மௌனம் சாதிக்கிறார்கள். ஞானம் ஒருவருக்குக் கிடைத்தது. அறை போகிற எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது. ஆகவே இத்துறையைத் தொடங்கிவைக்கும் பாரம் இந்தக் கட்டுரையாளன் தலையில் விழுந்தது.

கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீகாரில், கயாவுக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் போத்கயாவின் சரித்திரம் என்பது அறை தேடியவர்களின் சரித்திரம். அரசுகள் மாறின, மதம் தேய்ந்தது, மறுபடி வளர்ந்தது, எல்லாம் சரி. ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவர் மூட்டையும் கையுமாக வாசலில் நின்று “இடம் இருக்கா?” என்று கேட்டிருக்கிறார்.

மூலச் சான்று

முதல் விருந்தினரிலிருந்து தொடங்குவதே முறை. ஞானம் பெற்ற பின் புத்தர் அங்கேயே ஏழு வாரம் தங்கினார் என்பது பௌத்த மரபு. முதல் வாரம் மரத்தடி. இரண்டாம் வாரம் சற்றுத் தள்ளி நின்று அதே மரத்தை இமைக்காமல் பார்த்தார். மூன்றாவதில் நடந்துகொண்டே இருந்தார். நான்காவதில் ரத்தின வீடு. அது தேவர்கள் கட்டிக்கொடுத்தது, ஆகவே சிபாரிசில் கிடைத்த அறை என்று தள்ளிவிடலாம். ஐந்தாவதில் ஆட்டிடையர்கள் ஒதுங்கும் ஆலமரம். ஆறாவதில் முசலிந்த ஏரிக்கரை. அங்கே விடாமழை பிடித்துக்கொள்ள, நாகராஜன் சுற்றி வளைத்து மேலே படம் விரித்தான். ஏழாவது வாரம் ராஜாயதன மரம். தபுஸ்ஸன், பல்லிகன் என்ற இரண்டு வணிகர்கள் அந்த வழியாக வந்து மாவும் தேனும் கொடுத்தார்கள்.

இதிலிருந்து பெறப்படுவன யாவை? ஒரே ஊரில் ஏழு வாரத்துக்கு ஏழு இடம் மாற வேண்டியிருந்தது. சீசனில் முன்பதிவு இல்லாமல் போகிறவர்களுக்கு இன்றைக்கும் இதுதான் கதி. சிபாரிசு இல்லாத கூரை ஆறாவது வாரத்தில்தான் கிடைத்தது, அதுவும் பாம்புப் படம். சாப்பாட்டு ஏற்பாடு மட்டும் கச்சிதம்: சுஜாதை என்ற பெண் கொடுத்த பால்சோற்றை 49 கவளமாகப் பிடித்து, முன்கூட்டியே உண்டுவிட்டார், அது 49 நாளுக்குத் தாங்கியது என்கிறது ஜாதகக் கதைகளுக்கு முன்னுரையான நிதானகதை. சென்னையில் ஏழு பேருக்குக் கட்டிய புளியோதரை நாக்பூர் வருவதற்குள் தீர்ந்துபோகிற ஒரு சமூகத்துக்கு இந்தப் பகுதி நம்பக் கடினமாக இருக்கும்.

முதல் புகார்

நான்காம் நூற்றாண்டில்தான் இத்துறையின் மிகப் பெரிய சம்பவம் நடக்கிறது. இலங்கையிலிருந்து இரண்டு பிக்குகள் போதி மரத்தை வணங்கப் போனார்கள். தங்க இடம் கிடைக்கவில்லை. ஊர் திரும்பி நேராக அரசன் மேகவர்ணனிடம் போய்ப் புகார் சொன்னார்கள். அரசன் என்ன செய்தான்? “அடுத்த முறை சொல்லிவிட்டுப் போங்கள்” என்று அனுப்பவில்லை. குப்தப் பேரரசன் சமுத்திரகுப்தனுக்குப் பரிசுப் பொருள்களோடு தூது அனுப்பி, போத்கயாவில் தன் நாட்டாருக்கென்று மடம் கட்ட அனுமதி வாங்கினான். அறை இல்லை என்ற குறை, இரண்டு ராஜ்யங்களின் வெளியுறவாக முடிந்தது.

ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் சுவான்சாங் இதையே இன்னும் உருக்கமாகச் சொல்கிறார். போனவர் அரசனின் தம்பியாம். எல்லைப்புறத்து நாட்டான் என்று போன இடமெல்லாம் அவரை ஏளனமாக நடத்தினார்களாம். அவமானப்பட்டுத் திரும்பியவருக்காகத்தான் அண்ணன் மடம் கட்டினானாம். சுவான்சாங் பார்த்தபோது அந்த மகாபோதி சங்காராமத்தில் ஆறு கூடங்கள், மூன்றடுக்குக் கோபுரங்கள், சுற்றிலும் முப்பது நாற்பது அடி மதில், ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான துறவிகள். வரவேற்பு மேசையில் இருப்பவர் நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பேரேட்டைப் புரட்டாமலேயே “ஃபுல்” என்று சொன்னதை அனுபவித்தவர்களுக்கு அந்த மதிலின் உயரம் புரியும். அத்தனை அடியும் ரோஷம்.

இடைக்காலத்தை விரைவாகக் கடக்கலாம். 1234-ஐ ஒட்டித் திபெத்தியத் துறவி தர்மசுவாமின் போனபோது படையெடுப்பு அச்சத்தில் ஊரே காலி. எஞ்சியிருந்தவர்கள் நான்கே நான்கு துறவிகள். கேட்டவுடன் இடம் கிடைத்திருக்கக்கூடிய ஒரே காலம் அது, தங்கத்தான் ஆளில்லை. பிறகு 1891 ஜனவரியில் இலங்கையிலிருந்து அநாகரிக தர்மபாலர் வருகிறார். அவர் தங்கியது பர்மிய மன்னர் மிண்டோன் காலத்தில் கட்டப்பட்ட ஓய்வு விடுதியில். போதி மரத்தை ஒட்டிய மகாபோதிக் கோயில் அப்போது சைவ மடத் தலைவரான மஹந்த் வசம். அதே விடுதியைக் காலி செய்யச் சொல்லி மஹந்த் பின்னாளில் நீதிமன்றம் போனார். செக்-அவுட் நேரம் குறித்து இந்தியாவில் நடந்த வழக்குகளில் இதைவிட நெடுமூச்சு வாங்கியது இருக்காது. 1949-இல் பீகார் அரசு சட்டம் இயற்றிக் கோயில் நிர்வாகத்துக்கு இந்துக்களும் பௌத்தர்களும் சரிசமமாக அமரும் குழு அமைத்தது. 1956-இல் 2500-ஆவது புத்த ஜயந்தி வந்தது. அதையொட்டித் தாய்லாந்து தொடங்கிவைக்க, ஜப்பான், பூட்டான், வியட்நாம் என்று ஒவ்வொரு நாடும் தன் மக்களுக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டோடு மடம் கட்டிக்கொண்டது. மேகவர்ணனின் வழி நாடுகடந்து பரவியது என்க.

முதல், கரு, உரி

தமிழ் இலக்கணப்படி ஒரு திணைக்கு மூன்று பொருள்கள் வேண்டும். விடுதித்திணையிலும் மூன்றும் உள.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலத்தைச் சொல்லியாயிற்று. பெரும்பொழுது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. பாங்காக்கிலிருந்தும் யாங்கூனிலிருந்தும் கயா விமான நிலையத்தில் யாத்திரிகர்கள் வந்து இறங்கும் காலம். அறை வாடகையும் அப்போதுதான் மேலே ஏறும். தலாய் லாமா காலசக்ர பூஜை நடத்திய 1974, 1985, 2003, 2012, 2017 ஆகிய ஆண்டுகள் விதிவிலக்கு. கடைசி இரண்டிலும் லட்சக்கணக்கில் கூட்டம், வயலெல்லாம் கூடாரம். புத்த பூர்ணிமைக்கே போகலாமே என்றால் அது வைகாசி. கயா மாவட்டத்து வெயில் நாற்பதைத் தாண்டி நிற்கும், சுவர் இரவிலும் கொதிக்கும். புரட்டாசி மஹாளய பட்சத்தில் பிண்டம் போட வருகிற கூட்டத்தில் கயா நிரம்பி வழியும், வழிவது போத்கயாவில் வந்து தேங்கும். சிறுபொழுது மூடுபனி. டிசம்பர் பனியில் ரயில் எத்தனை மணி நேரம் தாமதிக்கும் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. ஆனால் அறைக் கணக்கு மட்டும் பகல் பன்னிரண்டுக்கு டாணென்று தொடங்கிவிடும். மணிமேகலைக்கு இந்தத் தொல்லை இல்லை. தூங்கும்போதே தெய்வம் தூக்கிக்கொண்டுபோய், புத்த பீடிகை இருக்கும் மணிபல்லவத்தில் இறக்கிவிட்டது.

கருப்பொருள்களில் மரம் ஒன்றே, அரசு. 1876-இல் பழைய மரம் விழுந்தபின் 1881-இல் தொல்லியலாளர் கன்னிங்காம் நட்டது. புள் என்ற தலைப்பில் கொசுவைச் சேர்க்கலாமா என்று தயங்கினேன், பறப்பதால் சேர்த்தேன். கோயில் தோட்டத்தில் தியானம் செய்பவர்கள் ஆளுக்கொரு கொசுவலைக் கூண்டுக்குள் கண் மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். அறையில் வலை இல்லை என்று புகார் சொல்பவர் இதைக் கண்டு வாயடைக்கிறார். பறை என்னும் கருப்பொருள் அபரிமிதம்: விடியலில் ஒலிபெருக்கியில் ஒரு மொழியில் ஓதல், அது முடியுமுன் பக்கத்து மடத்திலிருந்து வேறொரு மொழியில், இரவில் ஊர்க் கல்யாண ஊர்வலத்து பாண்டு. உணா: குளிர்காலத்தில் திபெத்தியக் கூடாரங்களில் மோமோவும் துக்பாவும், தள்ளுவண்டியில் லிட்டி சோக்கா. நீர் என்பதைப் பக்கெட் வெந்நீர், கெய்சர் வெந்நீர் என இருவகைப்படுத்தலாம். முன்னது சொன்னால் வரும்; பின்னது மின்சாரம் வந்தால் வரும்.

உரிப்பொருள் இருத்தல். சாவிக்காக இருத்தல், வெந்நீருக்காக இருத்தல், இலைக்காக இருத்தல். இந்த மூன்றாவதுக்கு விளக்கம் தேவை. போதி மரத்தில் இலை பறிக்கக் கூடாது, தானாக விழுந்ததை எடுக்கலாம். ஆகவே கீழே உட்கார்ந்திருப்பவர்களின் ஒரு கண் மூடியும் ஒரு கண் கிளையிலுமாக இருக்கும். காற்றசைந்து ஓர் இலை சுழன்று இறங்கினால், பற்றறுத்தவர்கள் நாலு பேர் எழுந்து ஓடுவார்கள்.

காணிக்கைச் சிக்கல்

இந்த ஆய்வின் மிகக் கடினமான பகுதி இதுதான். விடுதிகளில் வாடகை உண்டு. அதில் தத்துவச் சிக்கல் இல்லை. மடங்கள் சிலவற்றில் கேட்டால் “உங்கள் விருப்பம்” என்பார்கள். நம்மவர்களைக் கலங்கடிக்க இதைவிடக் கொடிய சொல் கிடையாது. ஐநூறு கொடுத்தால் அல்பமாகத் தெரியுமோ, இரண்டாயிரம் கொடுத்தால் ஏமாந்தவனாகத் தெரியுமோ என்ற இரண்டுக்கும் நடுவே ஓர் இரவு முழுக்கத் தூக்கம் போகும். கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது, நமக்கு முன்னால் எழுதியவர் எவ்வளவு என்று நோட்டைத் தலைகீழாகப் படிக்கும் திறமை தமிழனுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. அதே முறையை ரசீதுப் புத்தகத்தில் கையாளலாம். ஆனால் மேலே இருப்பது பாங்காக் வியாபாரி ஒருவரின் பெயராக இருந்துவிட்டால் முறை பயன் தராது. அப்போது பக்கத்தை ஒன்று பின்னால் திருப்பச் சொல்லி, “பேர் எப்படி எழுதணும்னு பாக்கறேன்” என்று சமாளிக்கலாம்.

அறையும் சாப்பாடும் அறவே இலவசம் என்றால்? போத்கயாவில் கோயங்கா வழி விபஸ்ஸனா மையமும் உண்டு. பத்து நாள் முகாம், கட்டணம் கிடையாது. இதைக் கேட்டதும் என் பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள், பத்து நாளும் பேசக் கூடாது, ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்று அடுத்தடுத்துச் சொன்னேன். “வாடகையே கொடுத்துடலாம் தம்பி” என்றார்.

எதிர்வாதமும் மறுப்பும்

தங்கவே வேண்டாம் என்று ஒரு தரப்பு உண்டு. காசி-கயா டூர்க்காரர்கள் எல்லாரும் இதன் ஆசாரியர்கள். காலையில் பல்குனிக் கரையில் பிண்டம், விஷ்ணுபாதம், அட்சயவடம். மத்தியானம் சாப்பாடு முடித்து வேன் ஏறினால் போத்கயாவுக்கு ஒதுக்குவது இரண்டு மணி நேரம். 2013 ஜூலை குண்டுவெடிப்புக்குப் பிறகு கோயிலுக்குள் கைப்பேசி கூடாது என்பதால், அதில் பாதி நேரம் லாக்கர் வரிசையிலேயே போய்விடும். மிச்சத்தில் மரம், 80 அடி புத்தர் சிலை, டீ.

இத்தரப்பினருக்கு ஒரே மறுப்பு: அதிகாலை 5 மணிக்குக் கோயில் திறக்கும்போது அவர்கள் கயாவில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்நேரம் உள்ளே போனால் தோட்டத்து ஓரத்தில் வரிசையாக மரப்பலகைகள். திபெத்திய மரபினர் அதன்மேல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுகிறார்கள், ஒரு லட்சம் முறை என்று கணக்கு. உள்ளங்கைக்கு அடியில் துணிப்பட்டை. விழும்போது அது பலகையில் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போகும். கை போய்வந்த தடத்தில் மரம் மெழுகு பூசியதுபோல் பளபளக்கிறது. ஒரு நாளைக்கு ஆயிரம் போட்டாலும் நூறு நாள். அறைக்கு மாத வாடகை பேசுகிற யாத்திரிகர்கள் இவர்கள்தாம். இரண்டு மணி நேரக்காரர்கள் போட்டோவில் பார்ப்பது வெறும் பலகையை.

இனி ஆய்வில் முடிவு காணாத வினா ஒன்று உண்டு. அதை எழுப்பியவர் பெரியம்மா. கயாவில் அட்சயவடத்தடியில் காய் ஒன்றும் பழம் ஒன்றும் விட வேண்டும் என்பது நம்மவர் வழக்கம். விட்டதை ஆயுசுக்கும் தொடக்கூடாது. விவரம் தெரிந்தவர்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காத காயாகப் பார்த்து விடுவார்கள். பெரியம்மா, ஊரில் பெரும்பாலும் சமைக்காத காலிஃபிளவரை விட்டார். அன்று சாயங்காலம் போத்கயா வந்து சேர்ந்தோம். பீகாரில் குளிர்காலத்துக் காய் காலிஃபிளவர். இரவில் ஆலு-கோபி. காலையில் கோபி பரோட்டா. மத்தியானம் மடத்துக் குழம்பில் அதுதான்.

“கயாவுல விட்டது கயாவோட சரியா, இங்கயும் செல்லுமா தம்பி?” என்று கேட்டார்.

எல்லை வரையறை குறித்து சாஸ்திரங்களில் தெளிவில்லை. விடுதிப் பையனிடம் வேறு என்ன காய் இருக்கிறது என்று விசாரித்தோம். நாளைக்குக் கோபி பகோடா போடுவதாகச் சொன்னான்.