சூப்பர் கணினியும் பீட்சா சம்பளமும்

கேள்வி: பல்கலைக்கழகங்களில் சூப்பர் கணினி ஆராய்ச்சி என்கிறார்களே, அதற்கெல்லாம் ஏது சார் பணம்?

பதில்: பணம் குறைந்தால்தான் மூளை வேலை செய்யும். 2003-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக், 1,100 பவர் மேக் ஜி5 கணினிகளை வாங்கி, மாணவர்களைக் கொண்டே அடுக்கி இணைத்தது. செலவு சுமார் 52 லட்சம் டாலர். மாணவர்களுக்குச் சம்பளம் பீட்சா! அந்த நவம்பரில் உலகத் தரவரிசையில் 3-வது இடம். நொடிக்குப் பத்து லட்சம் கோடிக்கும் மேல் கணக்குகள்.

கேள்வி: பிறகு ஏன் அதைக் கழற்றினார்கள்?

பதில்: நினைவகத்தில் நேரும் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி அதில் இல்லை. 2004-ல் அந்த வசதியுள்ள இயந்திரங்களை மாட்டினார்கள். தப்பான விடையை வேகமாகச் சொல்ல டீக்கடை பெஞ்சே போதுமே!

கேள்வி: இந்த ரேங்க் எப்படிப் போடுகிறார்கள்?

பதில்: டென்னசி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜாக் டொங்காராவின் லின்பேக் சோதனைதான் அளவுகோல். 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை 'டாப்500' பட்டியல் வருகிறது. பிற்பாடு அவரே சகாக்களோடு ஹெச்பிசிஜி என்ற கடினமான சோதனையையும் வகுத்தார். அதில் ஜாம்பவான்கள்கூட உச்ச வேகத்தில் சில சதவீதத்தையே தொடுகிறார்கள். கேள்வித்தாள் மாறினால் முதல் மாணவன் முகமும் மாறும்!

கேள்வி: ஆயிரம் பிராசஸர் போட்டால் வேலை ஆயிரம் மடங்கு வேகமாக முடியுமா?

பதில்: முடியாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார். வேலையில் 5 சதவீதத்தைப் பிரித்துக் கொடுக்க முடியாதென்றால், எத்தனை பிராசஸர் போட்டாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது. கமிட்டியில் ஆள் சேர்ப்பவர்கள் கவனிக்க!