தட்சகன் எக்ஸ்பிரஸ்

ஜகார்த்தா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தைக்கு முட்டிவலி தேவலையா? "அந்த ஊர்ல பஸ்ஸும் பிளேனும்தான் இருக்கும், கூத்து கீத்து ஏது?" என்று போனில் கேட்டீர்கள். போனிலேயே பதில் சொன்னால் பாதியில் "காசு ஏறுது, வை" என்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

இந்த ஊரில் பாரதக் கதாபாத்திரங்களில் பாதிப் பேர் போக்குவரத்துத் துறையில் வேலை பார்க்கிறார்கள். நாட்டின் விமானக் கம்பெனி கருடன். சுரபாயாவுக்குப் போகிற ரயில் பீமா, 1967-லிருந்து ஓடுகிறது. வேறு இரண்டு சொற்களின் சுருக்கம்தான் அந்தப் பெயர் என்கிறார்கள். இருக்கட்டும், ஏறுகிறவன் மனசில் கதாயுதத்தோடு நிற்பது பீமன்தானே! யோக்யகர்த்தா ரயிலின் பெயர் தக்சாகா. பரீட்சித்து மகாராஜாவைக் கடித்தானே தட்சகன், அவனேதான். அத்தனை காவலுக்குள் ஒளிந்திருந்த ராஜாவையே விடாதவன், டிக்கெட் எடுக்காதவனையா விடப்போகிறான்?

2019 மார்ச்சில் ஜகார்த்தாவுக்கு மெட்ரோ வந்தது. லெபாக் புலுஸிலிருந்து ஊர் நடுவே இருக்கிற ரவுண்டானா வரை 13 ஸ்டேஷன், பாதிக்கு மேல் தூரம் உயரத்தில், மிச்சம் பாதாளத்தில். ரயிலுக்கு 'ரத்தங்கா' என்று பெயர். மஜாபாஹித் பேரரசு காலத்துக் கவி எம்பு தந்துலாரின் காவியங்களில் வருகிற போர்த்தேராம். நம்ம ஊர்த் தேர் தெற்கு மாடவீதி திரும்புவதற்குள் நாலு பேர் வேட்டி அவிழ்ந்துவிடும். இந்தத் தேர் சத்தமில்லாமல் வந்து, கதவைத் திறந்து, மூடி, போய்விடுகிறது.

கீழே ரோட்டில் கதை வேறு. மெர்டேகா மைதானத்தின் மூலையில், 1987-ல் வைத்த அர்ஜுனன் சிலை ஒன்று உண்டு. கிருஷ்ணன் ரதம் ஓட்ட, குதிரைகள் பாய்கிற மாதிரியே இருக்கும். செய்தவர் சிற்பி ஞோமான் நுவர்தா. சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் அவர்கள் ரதமும் நகராது, நம்ம டாக்சியும் நகராது. கிருஷ்ணனுக்கு மீட்டர் ஓடவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

நெரிசலைக் குறைக்க ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். வேலை நாட்களில், காலையிலும் மாலையிலும், முக்கியமான ரோடுகளில் ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படை நம்பர் கார், இரட்டைப்படைத் தேதியில் இரட்டைப்படை. அன்றைக்கே இது அஸ்தினாபுரத்தில் இருந்திருந்தால் ஐந்து பேரும் நூறு பேரும் ஒரே நாளில் ரோட்டுக்கு வந்திருக்க முடியாது, குருக்ஷேத்திரமே நடந்திருக்காது. துச்சலையைச் சேர்த்தால் நூற்றொன்று என்று வழக்குக்கு வராதீர்கள்.

நமக்குக் கடோத்கஜன் என்றால் 'மாயாபஜார்' ரங்காராவ் கல்யாணச் சாப்பாட்டை ஒரு கை பார்த்ததுதான் ஞாபகம். ஜாவாக்காரர்களுக்கு அவன் ஆகாயத்தில் பறக்கிற வீரன். ஸ்பெயினோடு சேர்ந்து செய்த விமானத்துக்கு 1983-ல் அவனுடைய குழந்தைப் பெயரான 'தெதுகோ'வை வைத்தார்கள். பிறகு விமானப் பொறியாளர் ஹபிபி தலைமையில் பாண்டுங்கில் தாங்களே செய்த என்-250, 1995 ஆகஸ்ட் 10 அன்று முதன்முதலாகப் பறந்தபோது அதற்குப் பெயர் 'கதோத்கச்சா'. பிள்ளை வளர்ந்து ஆளாகிவிட்டான் என்று அர்த்தம். பாரதத்தில் கர்ணனின் சக்தி ஆயுதம் அவனை முடித்தது. இங்கே ரூபியா சரிந்த 1997-98 நெருக்கடி முடித்தது. அந்த விமானம் பயணிகளை ஏற்றவேயில்லை.

மேடைக் கூத்துக்கு வருகிறேன். வாயாங் என்று தோல்பாவை நிழலாட்டம். இரவு ஒன்பது வாக்கில் ஆரம்பித்தால் விடிகிற வரைக்கும். தாலாங் என்கிற ஒரே ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து எருமைத்தோல் பாவைகளை ஆட்டுகிறார். ராஜா, ராணி, ராட்சசன் எல்லாருக்கும் அவர் குரலே. வலது கால் விரலால் வெண்கலத் தகடுகளைத் தட்டிச் சண்டைக்குச் சத்தம் கொடுக்கிறார். பின்னால் கமெலான் வாத்தியக்காரர்கள் ஒரு பட்டாளம். நடுராத்திரி எல்லார் தலையும் ஆடுகிற நேரம் பார்த்து செமார் தன் மூன்று பிள்ளைகளோடு வருவான். தொப்பையும் தொங்கலுமாக ஒரு வேலைக்காரன். உள்ளே அவன் தெய்வம். நம்ம கட்டியங்காரனைப் போல ஊர் வம்பையும் விலைவாசியையும் இழுத்துப் பேசுவான்.

இளசுகள் யாரும் விடிய விடிய உட்காருவதில்லை, நம்ம ஊர் கதைதான். ஆனால் கூத்து அவர்களைத் தேடிப் போய்விட்டது. போன வாரம் ஒரு பைக் டாக்சிக்காரர், பச்சை ஜாக்கெட், ஹாண்டில்பாரில் செல்போனைச் சொருகி வாயாங் பார்த்துக்கொண்டிருந்தார். 2020-ல் காலமான கி செனோ நுக்ரோஹோ ஆட்டிய பாவை. யூடியூபில் அவருக்கு இன்னும் கூட்டம் குறையவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்து வந்தவர் அந்த டிரைவர். நான் இந்தியா என்றதும், "உங்க பாரதத்துல செமார் கிடையாதாமே? அப்ப அர்ஜுனனுக்கு யார் புத்தி சொல்றது?" என்றார்.

"கிருஷ்ணன்" என்றேன்.

"அதான் சண்டையில போய் முடிஞ்சிருக்கு" என்று ஹெல்மெட்டை நீட்டினார்.

கலையைக் காப்பாற்ற மாநாடு, தீர்மானம் எல்லாம் இங்கேயும் உண்டு. யுனெஸ்கோவும் 2003-லேயே வாயாங்கைப் பாராட்டிவிட்டது. எனக்கென்னவோ, பீமனையும் கடோத்கஜனையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல் தினப்படி வேலைக்கு அனுப்பினார்களே, அதனால்தான் இன்னும் தெம்பாக இருக்கிறார்கள் என்று படுகிறது.

சித்திரைக்கு மேல் வாருங்கள். தட்சகனில் யோக்யகர்த்தா போவோம், ராத்திரி முழுக்க வாயாங் பார்ப்போம். ரயிலில் ஏசி நடுக்கும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்: ஜாவா பாரதத்தில் திரௌபதிக்குத் தர்மர் ஒருத்தர்தான் புருஷன். தீமிதிக்குக் காப்புக் கட்டுகிற வீட்டில் நமக்கெதற்கு வம்பு?

அன்புள்ள மருமகன்.