தொட்டி மாமா

லண்டனில் ஹாரோ பக்கம் ஒரு தமிழர் வீட்டுக்கு நவம்பரில் போகிறீர்கள். கூடத்தில் சோபா இருக்கவேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் தொட்டிகள் வரிசைகட்டி நின்றால், அது தொட்டி மாமாவின் வீடு. "உட்காருங்க" என்பார். எங்கே என்று சொல்லமாட்டார்.

கோடையில் இவரை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. எல்லாரையும்போல் தக்காளி, மிளகாய் என்றுதான் பேசுவார். அக்டோபரில் ஒரு ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே இறங்கட்டும், ஆளே மாறிவிடுவார். இஞ்சி, மஞ்சள், பேரரத்தை எல்லாம் வீட்டுக்குள் குடியேறும். கூடவே, பன்னிரண்டு வருஷமாக ஒரு பூகூடப் பூக்காத ஏலக்காய்ச் செடியும் வரும். அதை மட்டும் யாரும் விசாரிக்கக் கூடாது.

சென்னையில் பெய்வதில் பாதி மழைகூட லண்டனில் பெய்வதில்லை. ஆனால் சென்னை மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இங்கே நசநசவென்று, தீபாவளிக்கு வந்து தை வரை தங்கிவிடுகிற சொந்தக்காரர் மாதிரி. இந்த ஈரமும் குளிரும் கூட்டுச் சேர்ந்தால் மண்ணுக்குள் கிழங்கு கூழாகிவிடும்.

வைத்தியம் ஒன்றுதான். இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு, பிப்ரவரி கடைசிவரை தொட்டியை மறந்துவிட வேண்டும். மாமாவுக்கு இது தலைகீழ்ப் பாடம். நமக்கும் சொல்வார், சொல்லிக்கொண்டே மண்ணுக்குள் விரலை விடுவார். "லேசா காய்ஞ்சாப்பல இருக்கே... ஒரே ஒரு டம்ளர்." போன வருஷக் கிழங்கு செத்தது அந்த ஒரு டம்ளரில்தான். தப்பித்தவற்றை, உயிரோடு இருக்கிறதா என்று வாரத்துக்கு ஒருதரம் தோண்டிப் பார்த்தே தீர்த்துவிட்டார்.

வெந்நீர் டேங்க் இருக்கிற அலமாரியில்தான் வீட்டிலேயே நல்ல கதகதப்பு. துண்டுகள் உலரும் இடம். இப்போது அங்கே மஞ்சள் தூங்குகிறது. குளித்துவிட்டு அந்தத் துண்டால் முகம் துடைத்தால் வயல் வரப்பில் விழுந்து எழுந்த வாசனை.

"கியூ தோட்டத்துப் பனைமாளிகையில 1848-லேர்ந்து சூடு போட்டு வளர்க்கிறான். நம்மால முடியாதா?" என்பார் மாமா.

"அங்கே பில் கட்ட மகாராணி இருந்தாங்க. இங்கே நான்தான்" என்பார் அத்தை.

இத்தனை பாடும் பொங்கல் பானையில் கட்டும் ஒரு கொத்துக்காக. ஊரில் தை பிறக்கும்போது மஞ்சள் இலையும் கிழங்குமாகத் தளதளவென்று நிற்கும். எட்டு மணி நேரப் பகல்கூட இல்லாத டிசம்பரைத் தாண்டி வந்த லண்டன் மஞ்சளுக்கோ அது நடுநிசி. கடையில் விமானமேறி வந்த கொத்து கிடைக்கும்தான். மாமாவின் கௌரவம் இடம் கொடுக்காது.

பொங்கலன்று, மிஞ்சிய ஒற்றைத் தண்டைக் கொண்டுவந்தார். பச்சை என்பது பேருக்குக்கூட இல்லை.

"என்னங்க இது?"

"மஞ்சள்கொத்து மஞ்சளாத்தானே இருக்கும்?"

அத்தை ஒன்றும் பேசாமல் ஃபிரிட்ஜைத் திறந்து, முந்தின நாளே கடையில் வாங்கி ஒளித்துவைத்திருந்த பச்சைக்கொத்தை எடுத்து நீட்டினார். மாமா வாங்கிக்கொண்டார். பானையில் கட்டவில்லை. அடியில் ஒட்டியிருந்த கிழங்கை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"காலித் தொட்டி ஒண்ணு இருக்குமா?"