ரூபாய்க்கு 10 காசு வாசகன்

நான் பிறவிக் கருமி. செல்போனும் கையுமாக அலைந்ததற்கு அதுதான் காரணம். தினம் 1.5 ஜிபி டேட்டா. ராத்திரி 12 மணிக்குள் தீர்க்காவிட்டால் போச்சு. காசு கொடுத்த சரக்கை மிச்சம் வைக்கிற வழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலைக்கு இறங்கும் வரை கட்டைவிரல் தன் கடமையைச் செய்யும். 192 அடி உயர ஆண்டாள் கோயில் கோபுரம் ஜன்னலுக்கு வெளியே நிற்க, நான் அதையே ரீல்ஸில் பார்த்து லைக் போட்டிருக்கிறேன்.

தீராத சரக்கு அது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இந்த ஏற்பாட்டை 2006-ல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின் என்ற அமெரிக்கர். பின்னாளில் அவரே அதற்காக வருத்தப்பட்டார். பந்தியில் இலையை மூடினாலும், மூடின இலை மேலேயே சோறு போடுகிற உபசாரம்!

இப்படி இருக்கையில் ஒருநாள் வீட்டு வரி ரசீதை வரிவரியாகப் படித்தேன். அதில் ‘நூலக வரி’ என்று ஒன்று. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. வீடு கட்டிய நாளிலிருந்து கட்டுகிறேன். பதிலுக்கு ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை.

“ஏங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? நெஞ்சு வலியா?” என்றாள் மனைவி.

“அதைவிட மோசம். வரி.”

விசாரித்தால் விவகாரம் பழசு. சென்னை மாகாணம் 1948-ல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவில் அந்த வகையில் அதுதான் முதல். அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். 1950-ல் சட்டம் அமலுக்கு வந்தபோது முதலமைச்சர் எங்கள் ஊர் பூ.ச.குமாரசுவாமி ராஜா. சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் ஊரில் பிறந்துவிட்டு 10 காசுக்கு அழலாமா? அழுதேன்.

மறுநாளே நூலகத்தில் நின்றேன். முதல் கேள்வி, “கட்டுற டெபாசிட் திரும்பக் கிடைக்குமா?” இரண்டாவது, “இருக்கிறதிலேயே கனமான புத்தகம் எது?” நூலகர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘ஆமுக்த மால்யத’வை எடுத்துக் கொடுத்தார். ஆண்டாள் கதையைக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் பாடிய காவியம். தமிழில் தந்தவர் ராஜபாளையத்துப் பன்மொழிப் புலவர் மு.கு.ஜகந்நாத ராஜா; அந்த மொழிபெயர்ப்புக்குச் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றார். வில்லிபுத்தூர்க் கதை, ராஜபாளையத்துத் தமிழ். எங்கள் பஸ் ரூட்டுக்கென்றே எழுதியது மாதிரி இருந்தது.

பஸ்ஸில் புத்தகம் படிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. குலுங்கலில் பக்கம் மூடாமலிருக்க இரண்டு கட்டைவிரலும் வேண்டும். அப்புறம் போனைத் தள்ள விரல் ஏது? போதாக்குறைக்கு, புத்தகத்தில் ஒட்டிய தாளில் திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரை குத்தியிருந்தார்கள். தேதி தாண்டினால் அபராதம். அறிவுத்தாகம் ஒரு மனிதனை எத்தனை பக்கம் இழுத்துச் செல்லும் என்று எனக்குத் தெரியாது. அபராத பயம் கடைசிப் பக்கம் வரை இழுத்துச் செல்லும். படித்து முடித்து, அடுத்ததை எடுத்து, அதையும் முடித்து, டேட்டா பேக்கையும் சின்னதாக மாற்றிவிட்டேன். அந்த லாபம் தனி.

வாசிப்புப் பழக்கத்துக்கு வைராக்கியம் வேண்டும் என்கிறார்கள். வரி ரசீது போதும்.

என் ரசீதில் கல்வி வரி என்றும் ஒன்று இருக்கிறது. அதை எந்தப் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்து கழிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். “மதிய உணவு வரைக்கும் இருந்துட்டு வாங்க” என்கிறாள் மனைவி.