கருப்பு யார்?

தொண்ணூறுகளில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜனின் கதையை நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ சன் தொலைக்காட்சியில் வாரந்தோறும் வந்துகொண்டிருந்த காலத்தில், மாதவரம் பால்பண்ணைப் பக்கத்துத் தேநீர்க் கடையில் நிகழ்ந்த வாதப் பிரதிவாதங்களை எந்த நியாயஸ்தலமும் கண்டிருக்காது. தொடரில் தவறு செய்தவர்களைத் தண்டிப்பது சாட்சாத் கருப்பசாமியே என்பது ஒரு கட்சி. கதை நடக்கும் ஊரிலேயே உண்டு உறங்கும் மனுஷன்தான் என்பது மற்றொரு கட்சி. சர்வவியாபியான தெய்வத்துக்கு ஏறிவரக் குதிரை எதற்கு என்று லாரி ஓட்டுநர் ஒருவர் தர்க்கரீதியாக வினவ, “உன் லாரியிலா வரச் சொல்றே? மூலக்கடை தாண்டறதுக்குள்ள கதையே முடிஞ்சிடும்!” என்று கல்லாவிலிருந்தபடியே தீர்ப்பளித்தார் கடைக்காரர்.

‘டல்லாஸ்’ தொடரின் ஜே.ஆரைச் சுட்டவர் யார் என்று 1980இல் அமெரிக்கர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதைப் பிரமாதமாகச் சொல்வார்கள். 1950 முதல் ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வ’னைப் படித்து, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யாரென்று இன்றளவும் சர்ச்சை செய்யும் பரம்பரைக்கு அது ஒரு விசேஷமா? ‘விடாது கருப்பு’ ஒளிபரப்பாகும் இரவில் மின்சாரம் போய்விட்டாலோ, அடுத்த பலி யார் என்பதை மறுநாள் காலையில் பார்த்தவர்கள் ஒருவிதமாகவும் பார்க்காதவர்கள் வேறுவிதமாகவும் விஸ்தரிப்பார்கள். பார்க்காதவர்களின் கதையே அதிக சுவாரஸ்யமாக இருந்தபடியால், கடையில் பெரும்பாலும் அதுவே ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டது.