துரை போனார், மழை வந்தது

அட்டன் கடைவீதியில் ஒருவர் உண்டு. தலவாக்கலை, பொகவந்தலாவை, நுவரெலியா பஸ் நிறுத்தங்களிலும் அவர் உண்டு. வயது பதினெட்டாகவும் இருக்கலாம், நாற்பத்தைந்தாகவும் இருக்கலாம். குளிருக்குப் போட்ட ஜம்பருக்குள்ளே இங்கிலாந்துக் கழகம் ஒன்றின் ஜேர்சி. ஓட்டோ வைத்திருந்தால் அதன் முதுகிலும் அதே கழகத்தின் சின்னம். லிவர்பூல் நகரம் இங்கிலாந்தின் கிழக்கிலா மேற்கிலா என்று கேட்டால் யோசிப்பார். அந்த அணியின் பின்வரிசை ஆட்டக்காரருக்கு எந்தக் காலில் தசைப்பிடிப்பு என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார். சாதாரண நாட்களில் இவரை மற்றவர்களிடமிருந்து பிரித்தறிவது கடினம். கழகத்தின் மேனேஜர் சீசன் நடுவில் போய்விட்டார் என்று செய்தி வரும் நாளில்தான் ஆள் முழுதாகத் தெரிவார். வாட்ஸ்அப்பில் முகம் மறைந்து கறுப்புக் கட்டம் வரும். ஹோட்டலில் வாங்கிய பிளேன்டீ ஆறிக்கிடக்கும். “என்னாச்சு தம்பி?” என்று யாராவது பெரியவர் கேட்டால், “ஆள் போயிட்டாருண்ணே” என்பார். பெரியவரும் பதறிப்போய், “ஐயையோ, எடுக்கிறது எத்தன மணிக்கு?” என்று விசாரிப்பார். இரண்டு பேரும் முழு மரியாதையோடுதான் பேசிக்கொள்கிறார்கள். பேசும் விஷயம்தான் வேறு.

இது டிஷ் அன்டெனா வழியாக இறக்குமதியான சோகம், நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்பவர்கள் மலைநாட்டை அறியாதவர்கள். ‘சீசன்’ என்ற சொல்லே இங்கே மூன்று பொருள் தரும். டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவுத் தேயிலைக்குத் தரமான சீசன். ஏப்ரலில் நுவரெலியா சீசன். ஓகஸ்ட்டில் தொடங்கி மே மாதத்தில் முடியும் கால்பந்து சீசன் இம்மூன்றுக்கும் மேலே கூரைத்தகரம் போலக் கிடக்கிறது. ‘மேனேஜர்’ என்ற சொல்லோ அதைவிடப் பழைய சொத்து. தோட்டத்தில் பிறந்தவருக்கு மேனேஜர் என்றால் பெரிய துரை. பங்களாவில் இருப்பவர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வருபவர், ஒருநாள் லொறியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விடுபவர். ஆகவே மேனேஜர் போவதைப் பற்றி உலகத்தில் வேறெந்த ரசிகரையும்விட நமது ரசிகருக்குத்தான் பரம்பரை அனுபவம் அதிகம். அந்த அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அவர்தான் எல்லோரிலும் குறைவாகக் கலங்க வேண்டும். ஆனால் எல்லோரிலும் அதிகமாகக் கலங்குகிறார். ஏன் என்பதுதான் கேள்வி.

அனுபவத்தை முதலில் பார்ப்போம். இலண்டனில் நாலு கனவான்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, கண்ணால் காணாத ஒரு மைதானத்தைப் பற்றித் தீர்மானம் போட்டு, மேனேஜரை வீட்டுக்கு அனுப்புவது கால்பந்துக் கழகங்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகும் வரை மலைநாட்டின் பல தோட்டங்கள் அப்படித்தான் நடந்தன. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குப் போனபோது மேசை மட்டும் கொழும்புக்கு இடம் மாறியது. இந்த வழக்கில் முதல் ஆவணமே நம்முடையதுதான். லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரை, 1892இல் உரிமையாளர்கள் வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். நாற்பது வருடம் அங்கேயே கிடந்த மனிதர் போக மறுத்தார். மே 2ஆம் திகதி வயிற்றுக்கடுப்பில் இறந்தே போனார். கனத்த உடம்பு. பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரண்டு அணிகள் மாற்றி மாற்றிச் சுமந்து கண்டி மஹய்யாவ மயானத்துக்குக் கொண்டுபோனதாகவும், கங்காணிமாரும் தொழிலாளரும் ‘சாமி துரை’ என்று அழுதபடி பின்னால் நடந்ததாகவும் சொல்வார்கள். மக்கள் அபிமானம் பெற்ற ஒரு மேனேஜரை மேலிடம் கைவிட்டபோது ஆதரவாளர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை. அந்த வருடக் கொழுந்து அதற்காக நின்றுவிடவில்லை என்பதும் அதே சாட்சியின் மறுபாதி.

இந்த மறுபாதியை மலைநாடு ஒருபோதும் மறந்ததில்லை. துரை மாற்றலாகிப் போவது பெரும்பாலும் கொழுந்து குறைந்த காலத்தில். கொழுந்து குறைவது பெரும்பாலும் வறட்சியில். வறட்சிக்குப் பின்னால் எப்படியும் மழை வரும். புதிய துரை பங்களாவில் பெட்டியைத் திறப்பதற்கும் மழை பிடிப்பதற்கும் சரியாக இருக்கும். கொழுந்து பொங்கும், கம்பனி மகிழும், “புதுத் துரை கைராசிக்காரர்” என்று ஒப்பீசில் பேசிக்கொள்வார்கள். மலையில் கூடையோடு நிற்பவர்கள் சிரித்துக்கொள்வார்கள். மேனேஜருக்காகச் சோறு வேண்டாம் என்று படுத்திருக்கும் மகனைப் பார்த்து எந்த லயத்திலும் ஒரு தாய் கேட்கக்கூடிய கேள்வியும் இதுதான்: “தொர போனா இன்னொரு தொர வருவாரு. கொழுந்து எடுக்கிறது யாருடா?” பாஸ் டெர் வீல் என்ற ஒல்லாந்துப் பொருளியலாளர் இதே கேள்வியைக் கணக்காகப் போட்டுப் பார்த்தார். 1986 முதல் 2004 வரையான ஒல்லாந்துக் கால்பந்தை எடுத்து, சரிவில் கிடந்தபோது மேனேஜரை மாற்றிய அணிகளையும், அதேபோலச் சரிந்தும் மாற்றாமலிருந்த அணிகளையும் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுந்தன. மழை இருவருக்கும் பொதுவாகப் பெய்தது. ஒருவர் மட்டும் அதற்குப் புதிய துரையின் பெயரை வைத்தார்.

நமது ரசிகருக்கு இது விளங்காது என்று நினைத்துவிட வேண்டாம். விளங்கும், வேறு கழகத்துக்கு நடந்தால் உடனே விளங்கும். 2016இல் யாரும் நம்பாத லெஸ்டர் சிட்டியை இங்கிலாந்தின் சம்பியனாக்கிய கிளாடியோ ரனியேரியை, ஒரு வருடம் நிறைவதற்குள், 2017 பெப்ரவரி 23ஆம் திகதி வியாழக்கிழமை அந்தக் கழகம் வீட்டுக்கு அனுப்பியது. ‘நன்றி கெட்ட உலகம்’ என்று மலைநாடே வருந்தியது. திங்கட்கிழமை அதே லெஸ்டர் லிவர்பூலை 3-1 என்று அடித்தது. அனுதாபப்பட்டவர்களில் லிவர்பூல் ரசிகர்களும் உண்டு. கண்ணீர் காயும் முன் வாங்கிய அடியைப் பற்றி அவர்கள் இன்றும் பேசுவதில்லை. பின்னால் வந்தவரின் பெயர் கிரேக் ஷேக்ஸ்பியர். லீக்கில் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களை வென்றார், மேதை என்றார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அவரையும் அனுப்பினார்கள். பெயருக்கு ஏற்ற நாடகம். மழையும் நின்றிருந்தது.

“அப்படியானால் மேனேஜரால் ஒன்றுமே ஆவதில்லையா?” என்று ஒருவர் மறுக்கலாம். மறுக்க நல்ல சான்றும் இருக்கிறது, அதுவும் சென்னையிலிருந்து. 2018இல் சென்னையின் எஃப்.சி.க்கு இந்திய சூப்பர் லீக் கிண்ணத்தை வாங்கித் தந்த ஜோன் கிரகரி, 2019 நவம்பர் முடிவில், ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றியோடு விலகினார். ஓவன் கோயில் வந்தார். அதே அணி, அதே ஆட்டக்காரர்கள், 2020 மார்ச்சில் இறுதியாட்டம்வரை போய் ஏ.டி.கே.யிடம் தோற்றது. இது மழை மட்டும்தானா? இல்லை என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கவ்வாத்து எப்போது வெட்டுவது, உரம் எங்கே போடுவது என்று தெரிந்த துரைக்கும் தெரியாத துரைக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் அந்த வித்தியாசம் ஒருபக்கச் சாய்வானது: ஒரு மலையைக் கெடுக்க ஒரு துரை போதும், வளர்க்க மழையும் மண்ணும் நூறு கைகளும் வேண்டும். கோயில் செய்த பெரிய காரியம், ஏற்கெனவே இருந்த கைகளை வேலை செய்ய விட்டது. அந்த சீசன் முடிந்ததும் அவரும் ஜம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். கிரகரிக்காக அழுத சென்னை ரசிகர் கோயிலுக்காகவும் அழ வேண்டியதாயிற்று, அதுவும் ஒரு வருடத்துக்குள்.

இன்னொரு குற்றச்சாட்டு, நமது ரசிகருக்கு நிலையான மனமில்லை என்பது. 2019இல் டொட்டன்ஹாம் கழகத்தை சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோன பொச்செத்தினோவை, ஆறு மாதம்கூடப் போகாமல் நவம்பர் 19ஆம் திகதி அனுப்பினார்கள். செய்தி வந்தபோது அட்டனில் நள்ளிரவு தாண்டிவிட்டது. டொட்டன்ஹாம் ரசிகர் தூங்கவில்லை, காலையில் சிவந்த கண்ணோடு வேலைக்குப் போனார். பகல் சாப்பாட்டுக்குப் பார்சலை விரித்தபோது அந்த இடத்துக்கு மொரின்யோ வந்துவிட்டார். சனிக்கிழமை அணி வென்றது. ‘இனிப் பாரு விளையாட்டை’ என்றவரும் அவரேதான். இதைத் துரோகம் என்பவர்கள், போகிறவருக்கு மாலையும் வருகிறவருக்குச் சலாமும் ஒரே பெரட்டுக் களத்தில் போடப் பழகிய ஊரின் நாகரிகத்தை அறியாதவர்கள். தவிர, போகிறவர்களும் அப்படியொன்றும் கற்போடு போவதில்லை. 2014 ஏப்ரல் 6ஆம் திகதி இலங்கை கிரிக்கெட் அணி உலக இருபதுக்கு இருபது கிண்ணத்தை வென்றது. அப்போது பயிற்றுநராக இருந்த போல் ஃபார்ப்ரேஸ் வந்து நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதே ஏப்ரலில், நுவரெலியா சீசன் கூட்டம் கலைவதற்குள், இங்கிலாந்து அணிக்குத் துணைப் பயிற்றுநராகப் போய்விட்டார். ஜூன் மாதம் இலங்கை அணி அங்கேயே போய், ஹெடிங்லியில் ஒரே ஒரு பந்து மீதமிருக்க இங்கிலாந்தைத் தோற்கடித்துத் தொடரையும் எடுத்தது. கொழுந்து எடுப்பது யார் என்று கேட்ட தாய்க்கு இதைவிடத் தெளிவான பதிலை எந்தப் பொருளியலாளரும் தந்ததில்லை.

ஆக, அவருக்கு எல்லாம் தெரியும். துரை கொழுந்து எடுப்பதில்லை என்று தெரியும், மழைதான் துரையை மேதையாக்குகிறது என்று தெரியும், இலண்டன் மேசை தன்னைக் கேட்பதில்லை என்றும் தெரியும். தெரிந்தும் கலங்குகிறார் என்றால், இழந்தது மேனேஜரை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த வீட்டில் யாரோ ஒருவர் விடிகாலைக் குளிரில் பெரட்டுக் களத்தில் நின்று, துரை போடும் பேருக்கு, அதாவது அன்றைய நாட்சம்பளத்துக்கு, காத்திருந்திருக்கிறார். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். ஏன் என்று கேட்க முடியாது. சனிக்கிழமை இரவில் மட்டும் களம் தலைகீழாகிறது. இஸ்தோப்பில் போர்வையோடு உட்கார்ந்திருப்பவர் இவர், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக எல்லைக்கோட்டின் ஓரத்தில் மழையில் நனைந்துகொண்டு நிற்பவர் துரை. எதற்காக அவனை இறக்கினாய், எதற்காக இவனை எடுத்தாய் என்று இவர் கேட்கிறார், துரையால் ஒரு பதிலும் சொல்ல முடிவதில்லை. அப்படிக் கணக்குக் கேட்டுப் பழகிய ஒரு துரையை, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இவர் பேர் போட்டு முடிப்பதற்குள், நடு சீசனில் மேலிடம் தூக்கிக்கொண்டு போனால் கோபம் வராதா? பிளேன்டீ ஆறிப்போவது அந்தக் கோபத்தில்தான்.

ஆனாலும் கணக்கை அவர் பாதியில் விடுவதில்லை. டெய்லருக்கு அன்று பல்லக்குப்போல் தோள் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ரனியேரிக்கு முழுப்பேர். பொச்செத்தினோவுக்கு முழுப்பேர். 2021 ஏப்ரலில், ஒரு கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, தானும் நடு சீசனில் வெளியேற்றப்பட்ட மொரின்யோவுக்கு அரைப்பேர். அடுத்த பெரட்டு சனிக்கிழமை இரவு எட்டரைக்கு.