நூலகப் பெயர்ச்சி

நூலகப் பெயர்ச்சி என்பது, பழைய மின்வாசிப்புக் கருவியில் படிக்கப்படாமல் கிடக்கும் புத்தகங்களைப் புதிய கருவிக்குக் கொண்டுசென்று அங்கே படிக்காமல் வைப்பது. குருப்பெயர்ச்சி ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறையும் சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறையும் வரும். நூலகப் பெயர்ச்சிக்கு அப்படிக் கணக்கு கிடையாது. பழைய கருவியின் பேட்டரி படுத்துவிட்டாலும் வரும், பண்டிகைத் தள்ளுபடி அறிவித்தாலும் வரும். முதல் இரண்டுக்கும் பரிகாரம் உண்டு.

விழுப்புரம் மாவட்டத்தில் இதைச் செய்பவர் பெரும்பாலும் தனி ஆளாகவே செய்கிறார். விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து பக்கமும் ரயில் பாதை பிரிகிறது. உதவிக்கு ஆள் மட்டும் எந்தப் பக்கமும் இல்லை. கருவியைக் கைப்பேசிக் கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இதுல வாட்ஸ்அப் வராதா சார்?" வராது. "கலரும் வராதா?" வராது. "அப்புறம் எதுக்கு சார் வாங்குனீங்க?" இக்கேள்விக்குக் கருவியோடு வரும் கையேட்டில் பதில் தரப்படவில்லை. பெயர்ச்சியின் நன்மைகள் பின்னர் விளக்கப்படும்.

முதலில் தேவைப்படுவது கேபிள். கேபிள்களில் இரு வகை உண்டு: மின்சாரத்தோடு கோப்புகளையும் கடத்துபவை, மின்சாரத்தை மட்டும் கடத்துபவை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். வீட்டில் இருப்பவை எல்லாம் இரண்டாம் வகை. கருவியில் சார்ஜ் ஏறும், புத்தகம் ஏறாது. பழைய கருவிக்கு மைக்ரோ யுஎஸ்பி, புதியதற்குச் சி வகை என்பதால் எந்தக் கேபிளும் இரண்டுக்கும் பொருந்தாது.

கேபிள் வேண்டாம் என்று கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பி, வேலைக்குப் போகும் ரயிலிலேயே பெயர்ச்சியை முடிக்க நினைப்பவர்களும் உண்டு. விழுப்புரத்தில் ஏறி உட்கார்ந்து திறந்தால் முண்டியம்பாக்கம் வரை கருவி இணைப்பைத் தேடும். விக்கிரவாண்டியில் கிடைக்கும். பேரணியில் புத்தக அட்டைகள் சாம்பல் நிறத்தில் வரிசையாகத் தெரியத் தொடங்கும். மயிலத்தில் சிக்னல் போகும். திண்டிவனத்தில் இறங்க வேண்டும்.

பெயர்க்கப்படும் நூல்கள் மூன்று இனம்: காசு கொடுத்து வாங்கியவை, முறையாக இலவசமாகக் கிடைத்தவை, யாரோ அனுப்பியவை. மூன்றாம் இனமே எண்ணிக்கையில் பெரிது. அதைப் பற்றி விரிவாக எழுதுவது நாகரிகமாகாது.

இலவச நூல்களுக்கு மூத்த இடம் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரத்தின் முயற்சியில், பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமின்றித் தட்டச்சு செய்து சங்க இலக்கியம் முதல் நாவல் வரை ஏற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல நாக்கு கூசும். ஆனால் அன்று ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு தனி ராஜ்யம். மயிலை, டிஸ்கி, பாமினி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியாக்கம். 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அந்த அரசாணை, அதற்கு முன் சேமிக்கப்பட்ட கோப்புகளுக்குப் போய்ச் சேரவில்லை. அவற்றைப் புதிய கருவியில் திறந்தால் குறுந்தொகை முழுவதும் கேள்விக்குறிகளாகவும் பிரெஞ்சு எழுத்துகளாகவும் வரும். ஒருங்குறிக் கோப்பிலும் சில கருவிகள் கொம்பை ஒரு பக்கமும் எழுத்தை ஒரு பக்கமும் வைத்து, நடுவே புள்ளிகளால் ஒரு வட்டம் போட்டுக் காட்டும். வட்டம் யாருடையது என்று தெரியாது.

அடுத்து, ஆசிரியர் பெயர்கள். மின்னூல்களை அடுக்க உலகெங்கும் பயன்படுவது காலிபர் என்ற இலவச மென்பொருள். கோவித் கோயல் 2006இல் எழுதத் தொடங்கியது. நல்ல மென்பொருள். அதன் ஒரே குறை, எல்லா மனிதர்களுக்கும் குடும்பப் பெயர் உண்டு என்றும் அது கடைசிச் சொல்லாக வரும் என்றும் நம்புவது. எனவே கடைசிச் சொல்லைத் தூக்கி முன்னால் வைத்து, காற்புள்ளி போட்டு, அந்த வரிசையில் அடுக்கும். தி. ஜானகிராமன் என்று இடைவெளி விட்டு எழுதினால் அவர் 'ஜா'வில் போய் உட்காருவார். இடைவெளி விடாமல் எழுதினால் 'தி'யிலேயே நின்றுவிடுவார். தி.ஜா. என்றால் அவர் வேறு ஆள்.

கல்கியின் நிலை இதைவிட மோசம். அவர் கல்கி என்றும், கல்கி கிருஷ்ணமூர்த்தி என்றும், ரா. கிருஷ்ணமூர்த்தி என்றும் வருகிறார். பக்தி மிகுந்த சிலர் அமரர் கல்கி என்று பதிகிறார்கள். காலிபர் அவரை 'கல்கி, அமரர்' என்று மாற்றும்போது அமரர் என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயராகிவிடுகிறது. ஐந்து பாகப் பொன்னியின் செல்வனை நான்கு பேர் பங்கு போட்டு எழுதியதாகவும், அவர்களில் ஒருவரே காலமானதாகவும் கருவி காட்டும். மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாத ஐயர் 'ஐ'யில் இருப்பார். ஆறு அங்குலத் திரையில் அவ்வளவு பெயருக்கு இடமில்லாததால் 'ஐயர், மகாமகோ' என்பதோடு மூன்று புள்ளி வைத்து முடித்துவிடும். அவருக்குப் பக்கத்தில் வ.வே.சு. ஐயர். இன்னும் கீழே போனால் 'பி'யில் வேதநாயகம், வையாபுரி, தேசிகவிநாயகம், மீனாட்சிசுந்தரம் எல்லாரும் பிள்ளைமார் சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்களைப் போல் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் ஒழிந்து இரண்டு தலைமுறைக்கு மேலாகிறது. காலிபர் அதைப் பெயருக்கு முன்னால் போடுகிறது.

இச்சிக்கல் புதிதல்ல. விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பாதையில் உள்ள சீர்காழியில் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் முதலெழுத்துகளாக முன்னால், சொந்தப் பெயர் கடைசியில் என்ற ஏற்பாட்டுக்கு அவர் பெயரே உதாரணம். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1934இல் நூற்பட்டியல் விதிகளைத் தனிப் புத்தகமாகவே வெளியிட்டார். புத்தகத்தைத் தேடி வருபவரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. அவர் பட்டியல் அட்டைகளால் செய்ததை ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் வந்த கருவி செய்ய மறுக்கிறது.

பெயரே இல்லாத ஆசிரியர் ஒருவரும் உண்டு. கோப்பில் ஆசிரியர் குறிப்பிடப்படாவிட்டால் காலிபர் 'அன்னோன்' என்று எழுதும். தமிழில் மிக அதிகம் எழுதியவர் இவரே. சித்த மருத்துவம், சிறுதானியச் சமையல், டி.என்.பி.எஸ்.சி. பழைய வினாத்தாள், கந்த சஷ்டி கவசம், பங்குச் சந்தையில் பணம் பண்ணுவது எப்படி என்று இவர் தொடாத துறை இல்லை. இவருக்கு அடுத்த இடத்தில் 'அட்மின்' இருக்கிறார். பிறகு 'யூசர்'. பிறகு 'எச்.பி.' என்று ஒருவர். இவர்கள் எல்லாம் பிடிஎஃப் தயாரித்த கணினியில் பதிந்திருந்த பயனர் பெயர்கள். தலைப்பும் அப்படியே: 'மைக்ரோசாஃப்ட் வேர்டு - டாக்குமென்ட் 1' என்ற பெயரில் நாவல் ஒன்று, கவிதைத் தொகுப்பு ஒன்று, யாரோ ஒருவரின் வீட்டு வாடகை ஒப்பந்தம் ஒன்று. இவற்றை உட்கார்ந்து திருத்தலாம். திருத்திவிட்டு நிமிரும்போது அடுத்த கருவி சந்தைக்கு வந்திருக்கும். ஓர் இனிஷியலுக்குப் பின் இடைவெளி விடுவதா வேண்டாமா என்று தமிழ்ப் பதிப்பாளர்கள் ஒரு நாள் கூடிப் பேசியிருந்தால் இந்தப் பகுதி இவ்வளவு நீண்டிருக்காது.

கோப்பு வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் ஒரே நூலை ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குலப் பிடிஎஃப் எனப் பல வடிவங்களில் தந்தது. எது உதவும் என்று தெரியாதவர் எல்லாவற்றையும் இறக்கினார். எனவே அவரிடம் ஒவ்வொரு நூலும் நான்கு முறை உள்ளது. மோபியை, கிண்டில் கருவிகளை விற்கும் அமேசானே பின்னர் கைவிட்டது.

இனி வாங்கிய நூல்கள். முதலில் அரசு வாங்கியவை. திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தார். காலிபரில் அவர் 'ரெ'யில் இருப்பார். அவர் ஆட்சியில்தான் 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. அப்படியொரு சட்டம் இந்திய மாநிலங்களில் முதன்முதலில் வந்தது இங்கேதான். ரங்கநாதன் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்த சட்டம் அது. அதன்படி இன்றும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டப்படுகிறது. அதே ஆட்சி 1949இல் பாரதியார் எழுத்துகளின் பதிப்புரிமையை வாங்கியது. 1955இல் அவ்வுரிமை மக்களுக்கே விடப்பட்டது. கல்கியின் எழுத்துகளும் புதுமைப்பித்தனின் எழுத்துகளும் பின்னாளில் நாட்டுடைமையாயின. இந்த எழுத்துகளை எந்தக் கருவிக்கும் யாரையும் கேட்காமல் கொண்டுபோகலாம். பாரதியார் நான்கு பெயரில் போவார் என்பது வேறு விஷயம்.

காசு கொடுத்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. மின்னூல் கடைகளில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்துபவருக்குக் கிடைப்பது, பெரும்பாலும் புத்தகமல்ல, படிப்பதற்கான அனுமதி. 2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை, விற்றவருக்கு அதன் உரிமை இல்லை என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அழித்துப் பணத்தைத் திருப்பித் தந்தது. அந்த நாவலைப் படித்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் 2019இல் மின்னூல் கடையை மூடியபோது விற்ற நூல்களும் கடையோடு போயின. அதுவும் பணத்தைத் திருப்பித் தந்தது. கிண்டில் நூலைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியே மாற்றும் வசதி 2025 பிப்ரவரி 26இல் நிறுத்தப்பட்டது. ஆக, ஒரு நிறுவனத்தின் கருவியிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் கருவிக்கு மாறுபவர், இலவசமாக வந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு, காசு கொடுத்ததையெல்லாம் விட்டுவிட்டு வர வேண்டும். ஓமந்தூர்க்காரர் விவசாயி, இந்த வியாபாரம் அவருக்குப் பிடித்திருக்காது.

கடைசியாக, படித்த இடம். கேபிள் வழியே ஏற்றிய நூல்களில் எந்தப் பக்கம் வரை படிக்கப்பட்டது, எந்த வரி அடிக்கோடிடப்பட்டது என்ற விவரமெல்லாம் பழைய கருவியின் வயிற்றில் தனிக் கோப்பாக இருக்கும். அது கூடவே வராது. புதிய கருவியில் எல்லா நூலும் அட்டையில் தொடங்கும். மூன்று ஆண்டாகப் பாதியில் நின்ற நாவல், இப்போது தொடங்கப்படாத நாவல். பெரும்பாலான நூல்களுக்கு இதனால் இழப்பு எதுவும் இல்லை.

பெயர்ச்சி முடிந்த பின் பழைய கருவியைத் தம்பி மகனுக்கோ, எடைக்கு எடுப்பவருக்கோ கொடுத்துவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. கொடுக்க வேண்டாம். புத்தகங்கள் அதில்தான் இருக்கின்றன.